"என்னை யூனியனுக்கு அனுப்பாதே" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி: 1948க்கு முந்தைய பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகள்

சங்கரி_லங்காஷயர் | திங்கள், இரவு

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வரலாறு தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

நான் லங்காஷயரில் ஒரு பழைய பஞ்சாலை ஊரில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், 88 வயது. இந்த ஊருக்கு வந்த புதிதில் என்னோடு நின்று பேசிய முதல் ஆள் அவர்தான். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. டீ ஊற்றும்போது கோப்பைக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, சூடு விரலில் பட்டதும் ஊற்றுவதை நிறுத்துகிறார். அந்த விரல் நுனி எப்போதும் சிவந்தே கிடக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துக் கடிதம் வந்துவிட்டது. காசு கட்ட வேண்டியதில்லை, கூட்டிப் போக நான் இருக்கிறேன். ஆனாலும் போக மாட்டேன் என்கிறார். ஊசிக்குப் பயமா என்று கேட்டால் இல்லையாம். நேற்று கொஞ்சம் வற்புறுத்தியதும், "நீயும் என்னை யூனியனுக்கு அனுப்பப் பார்க்கிறாய்" என்று அழுதுவிட்டார்.

யூனியன் என்றால் எனக்குத் தெரிந்தது தொழிற்சங்கம். கண் ஆபரேஷனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நினைவு தடுமாறுகிறதோ என்று பயந்தேன். ஆனால் மற்றதில் எல்லாம் தெளிவாக இருக்கிறார், போன வாரம் நான் வாங்கிக் கொடுத்த முட்டைக்கு எத்தனை பென்ஸ் பாக்கி என்பது வரை. யாருக்காவது புரிகிறதா?

யாழ்_வைத்தியர் | திங்கள், இரவு

பிள்ளை, அவருக்கு நினைவு தடுமாறவில்லை, நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பயம்.

நான் 1970களில் இலங்கையிலிருந்து வந்தவன். முதியோர் மருத்துவப் பிரிவில்தான் வேலை கிடைத்தது. உள்ளூர் வைத்தியர்கள் அந்தப் பிரிவுக்கு வர விரும்பாததால், எங்களைப் போல வந்தவர்களுக்கு அங்கேதான் இடம் இருந்தது. அந்த வார்டுகள் பெரும்பாலும் பழைய ஒர்க்ஹவுஸ் கட்டடங்கள், அதாவது ஏழைகளை உள்ளே வைத்து வேலை வாங்கிய விடுதிகள். முதல் மாதமே ஒரு கிழவர் ஆம்புலன்ஸிலிருந்து இறங்க மறுத்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதும் இதே சொல்தான், "யூனியன்".

1834இல் ஏழைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பல பாரிஷ்களை, அதாவது தேவாலய வட்டாரங்களை, சேர்த்து ஒரு 'யூனியன்' ஆக்கினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 600 யூனியன்கள் இருந்தன. உதவி கேட்டு வருகிற ஏழையின் வீட்டுக்குக் காசு கொடுக்காமல், யூனியனின் ஒர்க்ஹவுசுக்குள் வந்து இருக்கச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். வெளியே மிகக் குறைந்த கூலி வாங்குகிறவனின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பவன் வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்திருந்தார்கள். வாசலில் சொந்த உடுப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு சீருடை கொடுப்பார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். வேலை என்றால் கல் உடைப்பது, பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நார் எடுப்பது.

ஆனால் உள்ளே வந்து சேர்ந்தவர்களில் திடகாத்திரமான சோம்பேறிகள் குறைவு. கிழவர்கள், காசநோய்க்காரர்கள், பிள்ளை பெற இடமில்லாத பெண்கள், மனநோயாளிகள், இவர்கள்தான் அதிகம். அதனால் திட்டம் போடாமலே ஒர்க்ஹவுஸ் நாட்டின் மிகப் பெரிய ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. தாதிமார் கிடையாது. கொஞ்சம் நடமாடக்கூடிய ஏழைப் பெண்களே மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். 1865இல் லான்செட் மருத்துவ இதழ் லண்டன் ஒர்க்ஹவுஸ்களுக்கு ஆட்களை அனுப்பி விசாரித்து எழுதிய பிறகுதான் வெளியில் இருந்தவர்களுக்கு உறைத்தது. அதே ஆண்டு லிவர்பூல் பிரௌன்லோ ஹில் ஒர்க்ஹவுசுக்கு, நைட்டிங்கேல் பள்ளியில் பயின்ற தாதிமார் 12 பேரோடு ஆக்னஸ் ஜோன்ஸ் என்ற பெண் வந்தார். அதற்கான செலவை வில்லியம் ராத்போன் என்ற வணிகர் தன் கையிலிருந்து கொடுத்தார். ஆக்னஸ் 1868இல் அங்கேயே டைஃபஸ் காய்ச்சல் கண்டு இறந்தார், 35 வயதில். இந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு மனவருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1832இன் உடற்கூறுச் சட்டப்படி, ஒர்க்ஹவுஸில் இறந்தவரின் உடலைக் கேட்டு யாரும் வராவிட்டால் அதை மருத்துவப் பள்ளிக்கு அறுத்துப் படிக்கக் கொடுக்கலாம். பாட்டியின் பாட்டி காலத்துப் பேச்சு இது. அந்த வீடுகளில் பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரி எப்படிப்பட்ட கட்டடம்?

சங்கரி_லங்காஷயர் | செவ்வாய், காலை

டாக்டர் ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண் பிரிவு இருக்கும் கட்டடம் கருங்கல்லில் கட்டியது. மேட்டில் இருக்கிறது. நடுவில் மணிக்கூண்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீண்ட கட்டடங்கள். அழகாக இருக்கிறது என்று நான் போட்டோ எடுத்து அவரிடமே காட்டியிருக்கிறேன்.

யாழ்_வைத்தியர் | செவ்வாய், காலை

ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் மேற்பார்வையாளர். அதுவேதான்.

முத்து_மயிலை | செவ்வாய், மாலை

டாக்டர் ஐயா சொன்னது ஏழைச் சட்டத்துப் பக்கம். அதற்கு இணையாக இன்னொரு வகை ஆஸ்பத்திரியும் இருந்தது. எங்கள் ஆத்தா கடைசி வரை அரசு மருத்துவமனையைத் 'தர்மாஸ்பத்திரி' என்றுதான் சொல்லும். வரிப்பணத்தில் நடப்பதற்கு அந்தப் பேர் பொருந்தாது. ஆனால் பிரிட்டனில் 'வாலன்டரி' ஆஸ்பத்திரிகள் என்று சொன்னார்களே, அவை அச்சு அசல் தர்மாஸ்பத்திரிகள். வெஸ்ட்மின்ஸ்டர் 1720, கைஸ் அதை அடுத்த சில ஆண்டுகளில், செயின்ட் ஜார்ஜஸ் 1733, லண்டன் ஆஸ்பத்திரி 1740 என்று வரிசையாக முளைத்தன. லண்டனுக்கு வெளியே முதலில் வந்தது வின்செஸ்டர், 1736. பணம் வந்தது சந்தாவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும்.

சந்தாதாரர் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் கட்டினால் இத்தனை நோயாளிகளுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கலாம் என்று கணக்கு இருந்தது. கூடக் கட்டினால் கூடுதல் கடிதம். விபத்தில் அடிபட்டு வந்தவர்களைக் கடிதம் இல்லாமல் சேர்ப்பார்கள். மற்றவர்களுக்கு வயிற்றில் கட்டி இருந்தாலும் சரி, காலில் புண் அழுகினாலும் சரி, முதல் வேலை சந்தா கட்டும் பெரிய மனிதர் யார் என்று கண்டுபிடித்து அவர் வீட்டு வாசலில் நிற்பது. கடிதம் கிடைத்தாலும் பல இடங்களில் கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளையும் தொற்றுநோய்க்காரர்களையும் சேர்க்க மாட்டார்கள். குணமாகாது என்று தோன்றினாலும் சேர்க்க மாட்டார்கள். சில இடங்களில், செத்துப்போனால் அடக்கச் செலவுக்கு யார் பொறுப்பு என்று முன்னாலேயே ஜாமீன் கேட்டார்கள். குணமாகிப் போகும்போது சிபாரிசு செய்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், தேவாலயத்திலும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆக, தர்மாஸ்பத்திரிக்குக் 'குணமாகக்கூடிய, நல்ல நடத்தையுள்ள ஏழை' வேண்டும். மற்றவர்கள் டாக்டர் ஐயா சொன்ன யூனியனுக்கு. அது மட்டுமல்ல, ஏழைச் சட்டத்தில் மருத்துவ உதவி வாங்கியவருக்கு ஓட்டுரிமை போய்விடும். 1885இல்தான் அதை எடுத்தார்கள். காய்ச்சலுக்கு மருந்து வாங்கினால் ஓட்டு போச்சு!

திருவல்லிக்கேணி_வசந்தா | செவ்வாய், இரவு

கடிதம் பற்றி முத்து சார் எழுதியதும் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. பெயரிலேயே 'ஃப்ரீ' ஏன் வந்தது என்று முன்பு தேடிப் படித்திருக்கிறேன்.

1827இன் குளிரில், வில்லியம் மார்ஸ்டன் என்ற இளம் சர்ஜன், ஹோல்போர்னில் செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயப் படிக்கட்டில் ஒரு பெண் சாகக் கிடப்பதைப் பார்க்கிறார். எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்க முடியவில்லை. கடிதம் இல்லை. அவள் இறந்துபோகிறாள். மறு ஆண்டு, 1828இல், ஹேட்டன் கார்டன் பக்கம் கிரெவில் தெருவில் ஒரு சிறு இடத்தில் அவர் ஆஸ்பத்திரி தொடங்குகிறார். கடிதம் வேண்டாம், நோயோடு வந்தால் போதும். 1832இல் காலரா வந்தபோது மற்ற ஆஸ்பத்திரிகள் கதவை மூடின, இது திறந்திருந்தது. 1837இல் விக்டோரியா ராணி 'ராயல்' பட்டம் கொடுத்தார்.

ஆனால் அதே ஆஸ்பத்திரிதான் 1895இல் மேரி ஸ்டூவர்ட் என்பவரை நாட்டின் முதல் 'ஆல்மனர்' ஆக நியமித்தது. புறநோயாளிகளோடு உட்கார்ந்து பேசி, யாரால் காசு கொடுக்க முடியும், யாரை ஏழைச் சட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிப்பது அவர் வேலை. கூட்டம் தாங்கவில்லை, வசதி உள்ளவர்களும் வந்துவிடுகிறார்கள் என்று நிர்வாகத்துக்குக் கவலை. ஆல்மனர்கள் பின்னாளில் நோயாளிகளின் குடும்பத்துக்காக எவ்வளவோ செய்தார்கள், இன்றைய மருத்துவ சமூகப் பணியாளர்களின் முன்னோடிகள் அவர்கள். அந்தப் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். "வீட்டுக்காரர் என்ன சம்பாதிக்கிறார்? வாடகை எவ்வளவு? அம்மாவுக்கு யார் சோறு போடுகிறார்கள்?" இதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் இருமலைப் பற்றிச் சொல்ல முடியும்.

இதில் எங்கள் பேட்டைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தவர். லண்டனில் மருத்துவம் படிக்கும் பெண்களுக்கு ஆஸ்பத்திரி வார்டுகளைத் திறந்துவிட்ட பொது மருத்துவமனை ராயல் ஃப்ரீதான், அதுவும் 1877இல். ஷார்லீப் லண்டன் போய் அங்கே படித்துப் பட்டம் வாங்கித் திரும்பினார். பர்தா முறையில் இருந்த பெண்களுக்காக 1885இல் இங்கே ஆஸ்பத்திரி தொடங்க முன்னால் நின்றார். கோஷா ஆஸ்பத்திரி என்று எங்கள் தெருவில் இன்னும் சொல்கிறோமே, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அதுதான். நான் பிறந்ததும் அங்கேதான்.

வேல்ஸ்_கதிர் | புதன், காலை

நல்ல இழை. நான் தெற்கு வேல்ஸில் இருக்கிறேன். பக்கத்தில்தான் ட்ரெடெகர். இந்தக் கதையில் அந்த ஊரை விட முடியாது.

அதற்கு முன் 1911இன் காப்பீட்டுச் சட்டம். அப்போதைய நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்தது. தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3, அரசு 2. "4 பென்ஸுக்கு 9 பென்ஸ்" என்றுதான் விற்றார்கள். பேனல் டாக்டரை, அதாவது திட்டத்தில் பதிந்த டாக்டரை, இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் சம்பாதிக்கிற ஆளுக்கு மட்டும். மனைவிக்கு இல்லை, பிள்ளைகளுக்கு இல்லை. காசநோய் சானடோரியத்தை விட்டால் ஆஸ்பத்திரி செலவும் அதில் சேராது. வீட்டில் உடம்பு சரியில்லாமல் போகிற கடைசி ஆளாக அம்மா இருக்க வேண்டிய நிலை. 1930களில் ஒரு பெண்கள் குழு 1,250 உழைக்கும் வர்க்க இல்லத்தரசிகளிடம் விசாரித்தது. ரத்தசோகை, பல் சொத்தை, கர்ப்பப்பை இறக்கம், வீங்கிய கால் நரம்பு, இதையெல்லாம் வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டு வீட்டு வேலை செய்திருக்கிறார்கள். டாக்டரிடம் போனால் காசு. அந்தக் காசு பிள்ளையின் செருப்பு.

ட்ரெடெகரில் நிலக்கரிச் சுரங்கக்காரர்களும் இரும்பாலைக்காரர்களும் 1890லேயே தாங்களே ஒரு மருத்துவ உதவிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். கூலியில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 3 பென்ஸ் பிடித்தம். அதில் டாக்டர்கள், மருந்து, நர்ஸ், மூக்குக்கண்ணாடி, பல் என்று எல்லாம், அதுவும் மொத்தக் குடும்பத்துக்கும். ஊரில் ஏறக்குறைய எல்லோருமே உறுப்பினர்கள். ஊர் ஆஸ்பத்திரிக் குழுவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த உள்ளூர்ப் பையன்களில் ஒருவர் அனைரின் பெவன். 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். அப்பா சுரங்கத் தூசி நுரையீரலில் சேர்ந்து இறந்தவர். பின்னாளில் சுகாதார அமைச்சராகி, எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் என்.எச்.எஸ். என்ற தேசிய சுகாதார சேவையை 1948இல் கொண்டுவந்தவர் அவர்தான். நாட்டையே ட்ரெடெகர் ஆக்கப் போகிறேன் என்று அவர் சொன்னதை இந்த ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

நடராசன்_லெஸ்டர் | புதன், மாலை

கதிர் தம்பி சொன்னதிலிருந்தே ஒரு மாற்றுக் கருத்து. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மனதார நம்பித்தான் சொல்கிறேன்.

ட்ரெடெகரை யார் நடத்தினார்கள்? அரசாங்கமா? மக்கள்தானே. 1922இல் லண்டனில் தொடங்கிய ஹாஸ்பிடல் சேவிங் அசோசியேஷன், வாரம் 3 பென்ஸ் கட்டினால் போதும், ஆஸ்பத்திரியில் ஆல்மனர் உங்களை விசாரிக்க மாட்டார் என்றது. ஷெஃபீல்ட், லிவர்பூல், பர்மிங்காம் என்று எங்கும் இதுபோல இருந்தன. 1930களின் கடைசியில் நாடு முழுவதும் சுமார் 1 கோடிப் பேர் இப்படிச் சந்தா கட்டினார்கள். ஃபாக்டரித் தொழிலாளிகளின் பிரதிநிதி ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தார். முத்து சார் சொன்ன கினிப் பெரிய மனிதர் காலம் அப்போதே முடிந்துவிட்டது.

ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரியைத் தங்கள் சொத்தாகப் பார்த்தார்கள். முட்டை சேகரிக்க ஒரு நாள் வைப்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் கூடையோடு வீடு வீடாகப் போவார்கள். 'பவுண்ட் டே' என்று ஒன்று. ஆளுக்கு ஒரு பவுண்ட் சர்க்கரையோ மாவோ டீத்தூளோ கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் கொடுப்பார்கள். நம் ஊர் கோயிலுக்கு அரிசி கொடுப்பது மாதிரி. 1948இல் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் லண்டனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் பாசம் அறுந்தது ஒரு இழப்பு இல்லையா? பெவன் இருந்த அமைச்சரவையிலேயே இன்னொரு அமைச்சரான ஹெர்பர்ட் மாரிசன் உள்ளூர் ஆஸ்பத்திரிகளை உள்ளாட்சிக் கவுன்சில்களிடமிருந்து பறிக்காதீர்கள் என்று வாதாடினார்.

முத்து_மயிலை | புதன், இரவு

நடராசன் அண்ணா, முட்டைக் கூடை உண்மை, அந்தப் பாசமும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த ஊரில் எத்தனை முட்டை என்று பாருங்கள். பணக்கார ஊரில் நன்கொடை குவியும். மில் மூடிக் கிடந்த ஊரில் ஜனங்களுக்கு நோய் அதிகம், சந்தா கட்ட ஆள் குறைவு. இந்த முரணுக்கு உள்ளூர்ப் பாசம் பதில் சொல்லவில்லை.

ஸ்பெஷலிஸ்டுகள் விஷயம் இன்னும் மோசம். வாலன்டரி ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. கௌரவப் பதவி. காலையில் வார்டில் இலவசமாகப் பார்த்துவிட்டு, மதியம் தனியாகப் பணக்கார நோயாளிகளைப் பார்த்துப் பிழைக்க வேண்டும். அப்படியென்றால் பணக்காரர்கள் இருக்கிற ஊரில்தான் நல்ல சர்ஜன் இருப்பார். மற்ற இடங்களில் குடும்ப டாக்டரே குடலையும் அறுப்பார்.

சந்தாத் திட்டங்களும் காலம் போகப் போகச் செலவைத் தாங்கவில்லை. எக்ஸ்ரே, ஆபரேஷன் அறை, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் என்று விலை ஏறிக்கொண்டே போனது. 1921லேயே அரசு 5 லட்சம் பவுண்ட் கொடுத்துத்தான் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. 1946 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் பெவன் பேசியதில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. வேலையில் இருக்க வேண்டிய நர்ஸ்கள் ஆஸ்பத்திரிக்காகத் தெருவில் உண்டியல் குலுக்குவதைப் பார்த்தாலே தனக்கு உடம்பு கூசும் என்றார். உண்டியலில் காசு போட்டவர்களை அவர் குறை சொல்லவில்லை.

யாழ்_வைத்தியர் | வியாழன், காலை

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இடையில் விடுபட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உண்மையில் பழைய ஏற்பாட்டை உடைத்தது போர்.

1929இன் உள்ளாட்சிச் சட்டத்தால் 1930 ஏப்ரலில் யூனியன் நிர்வாகங்கள் ஒழிந்தன. ஒர்க்ஹவுஸ் நோயாளர் விடுதிகள் கவுன்சில்கள் கைக்கு வந்தன. சில கவுன்சில்கள், குறிப்பாக லண்டன், அவற்றை நல்ல ஆஸ்பத்திரிகளாக மாற்றின. ஹேமர்ஸ்மித் ஒர்க்ஹவுஸ் ஆஸ்பத்திரியில் 1935இல் பட்டமேற்படிப்பு மருத்துவப் பள்ளியே வந்தது. சில கவுன்சில்களோ பெயர்ப்பலகையை மாற்றியதோடு சரி. அங்கேயும் கட்டக்கூடியவரிடம் செலவை வசூலிக்க வேண்டும் என்பது சட்டம்.

1939இல், குண்டு விழுந்தால் லட்சக்கணக்கில் காயக்காரர் வருவார்கள் என்று பயந்து, போர் தொடங்கியதும் சுமார் 1,40,000 நோயாளிகளை இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவசர மருத்துவ சேவை என்ற பெயரில் எல்லா வகை ஆஸ்பத்திரியையும் அரசு ஒரே கயிற்றில் கட்டியது. அப்போதுதான் பணக்கார நோயாளிகளைப் பார்க்கும் லண்டன் ஹார்லி தெருவின் பெரிய சர்ஜன்கள் முதன்முதலாகக் கவுன்சில் ஆஸ்பத்திரிகளுக்குள் கால் வைத்தார்கள். கருவிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்துக்குக்கூட வழியில்லாத வார்டுகளைக் கண்ணால் பார்த்தார்கள். தர்மாஸ்பத்திரிகளுக்கும் படுக்கைக்கு இவ்வளவு என்று அரசுப் பணம் பழகிவிட்டது. எல்லோருக்கும் மருத்துவ சேவை வேண்டும் என்ற பெவரிட்ஜ் அறிக்கை 1942 டிசம்பரில் வந்தபோது, திரும்பிப் போக இடமில்லை.

என்.எச்.எஸ்.ஸை வைத்தியர்கள் எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், எங்கள் தொழிலின் பெருமைக்குரிய பக்கம் அல்ல அது. 1948 பெப்ரவரியில் வாக்கெடுப்பு எடுத்தபோது பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். பெவன் விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுத்தார், பெரிய வைத்தியர்கள் தனியாகவும் நோயாளி பார்க்கலாம் என்று. 1948 ஜூலை 5ஆம் திகதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,143 வாலன்டரி ஆஸ்பத்திரிகளும் 1,545 கவுன்சில் ஆஸ்பத்திரிகளும் என்.எச்.எஸ்.ஸில் ஒன்றாயின. முதல் வகையில் சுமார் 90,000 படுக்கைகள், இரண்டாம் வகையில் மனநோய் ஆஸ்பத்திரிகளும் சேர்த்துச் சுமார் 3,90,000. எண்ணிக்கையைப் பாருங்கள். மக்கள் நன்கொடையால் நினைவில் வைத்திருப்பது முதல் வகையை. நாட்டின் நோயாளிகள் படுத்துக் கிடந்தது இரண்டாம் வகையில்.

வேல்ஸ்_கதிர் | வியாழன், மதியம்

அந்த இரவின் கதை ஒன்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அம்மன் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி. மணி நள்ளிரவை நெருங்குகிறது. முக்காதே, கொஞ்சம் பொறு என்று நர்ஸ்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். 12 அடித்து ஒரு நிமிடத்தில் குழந்தை. அனைரின் பெயரையே சேர்த்து அனைரா என்று வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து என்.எச்.எஸ்.ஸிலேயே நர்ஸானார்.

முதல் ஆண்டில் 50 லட்சத்துக்கும் மேல் மூக்குக்கண்ணாடி கொடுத்தார்கள். அதுவரை கடையில் தட்டில் குவித்து வைத்திருக்கும் கண்ணாடிகளில் ஏதோ ஒன்றை மாட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்த சனங்கள்.

சங்கரி_லங்காஷயர் | வெள்ளி, இரவு

எல்லோருக்கும் நன்றி. இன்று பாட்டியோடு நெடுநேரம் பேசினேன். இந்த முறை நான் எதையும் வற்புறுத்தவில்லை. "யூனியனுக்கு யார் போனார்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அவருடைய பாட்டியாம். இவருக்கு 7 வயது. கால் விழுந்துபோன பாட்டியை வண்டியில் ஏற்றி அந்த மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பார்க்கப் போனபோது பாட்டி வேறு யாருடைய உடுப்பிலோ இருந்தாராம். நீலக் கோடு போட்டது. "அது என் பாட்டி இல்லை என்று அழுதேன்" என்றார். அடுத்த ஞாயிறு போவதற்குள் முடிந்துவிட்டது.

அப்புறம் ஒரு பிஸ்கெட் டப்பாவைத் திறந்து தன் பிறப்புச் சான்றிதழைக் காட்டினார். 1931. பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரு தெருப் பெயரும் எண்ணும் மட்டும். "இந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை, அம்மாவும் சொன்னதில்லை" என்றார். அந்தத் தெரு மேட்டில் ஆஸ்பத்திரி இருக்கிற அதே தெரு. டாக்டர் ஐயா, நான் நினைப்பதுதானா?

யாழ்_வைத்தியர் | வெள்ளி, இரவு

அதுதான் பிள்ளை. 1904இலிருந்து, ஒர்க்ஹவுஸில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் ஒர்க்ஹவுஸ் என்று எழுதாமல் வெறும் தெரு எண்ணைப் போடச் சொன்னார்கள், பிள்ளைக்குப் பின்னால் வெட்கம் வரக்கூடாது என்று. லிவர்பூலில் பிறந்தவர்களுக்கு '144ஏ, பிரௌன்லோ ஹில்' என்று இருக்கும். 1931இல் பெயர் மாறிவிட்டது, பொது உதவி நிலையம் என்பார்கள். கட்டடம் அதே, தெரு எண்ணும் அதே.

இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். அவர் ஏற்கெனவே ஊகித்திருக்கலாம். டப்பாவைத் திறந்து காட்டியது அதற்காகவும் இருக்கலாம்.

ஒரு யோசனை. நாங்கள் அந்த நாட்களில் செய்தது. முன்வாசல் வழியாகக் கூட்டிப் போகாதீர்கள். அந்த மணிக்கூண்டும் வளைவும்தான் அவர்கள் கண்ணில் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேறு வாசல் உண்டா என்று கேளுங்கள். சொந்த உடுப்பிலேயே இருக்கலாமா என்றும் கேளுங்கள். கண்புரைக்குப் பெரும்பாலும் உடுப்பு மாற்ற வேண்டியிருக்காது.

திருவல்லிக்கேணி_வசந்தா | சனி, காலை

சங்கரி, உடுப்பு விஷயத்தைக் கட்டாயம் கேளம்மா. நீலக் கோடு என்று படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

நடராசன்_லெஸ்டர் | சனி, மாலை

நான் பாசம், சொத்து என்று எழுதியபோது இந்தப் பாட்டியின் பாட்டியை நினைக்கவில்லை. சந்தாத் திட்டங்களைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் சந்தா கட்டவே வழியில்லாதவர் அன்று எங்கே போனார் என்பதையும் நான் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.

சங்கரி_லங்காஷயர் | மூன்று வாரம் கழித்து

தாமதத்துக்கு மன்னிக்கவும். நல்ல செய்தி.

போன் செய்து கேட்டேன். பின்பக்கத் தெருவிலிருந்து புதுக் கட்டடம் வழியாக ஒரு வாசல் இருக்கிறதாம், உள்ளே நடையில் போனால் கண் பிரிவு. உடுப்பு மாற்ற வேண்டியதில்லை, மேலே ஒரு மெல்லிய அங்கி மட்டும் என்றார்கள். பாட்டியிடம் சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் அவராகவே, "பச்சைக் கார்டிகன் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

டாக்ஸிக்காரரிடம் சுற்றிப் போகச் சொன்னேன். வழியெல்லாம் பாட்டி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். வரவேற்பு மேசையில் பெயர், பிறந்த தேதி, விலாசம் கேட்டார்கள். சொன்னார். அந்தப் பெண் கணினியில் தட்டிவிட்டு, "உட்காருங்கள், கூப்பிடுவார்கள்" என்றது. பாட்டி நகரவில்லை. பையைத் திறந்து மடித்த சான்றிதழையும் இரண்டு 20 பவுண்ட் நோட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாம், பத்திரமாக உள்ளே வையுங்கள்" என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தது. பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார்.

பச்சைக் கார்டிகன் அங்கிக்குள் கடைசி வரை இருந்தது.

நேற்று கட்டு பிரித்த கண்ணோடு எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். விரல் வெளியேதான் இருந்தது. அந்த மேட்டு வீட்டு எண்ணைப் பற்றி நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த கண்ணுக்கு நவம்பரில் தேதி. காலண்டரில் வட்டம் போட்டது அவரே.